மேசியா பற்றிய தீர்க்கதரிசனங்களைப் படிப்பது எப்படி? வேலூர்ப் பக்கத்து வேதபாடக் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரக் காத்திருப்பான அட்வெந்து காலம் நெருங்கினால் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம் என்று எங்கள் பக்கத்துச் சபைகள் எல்லாவற்றிலும் அதே மூன்று நான்கு வசனங்கள்தான் சுற்றி வரும். ஏசாயா 7:14, ஏசாயா 9:6, மீகா 5:2. கேரல் ரவுண்ட்ஸில் வீட்டு வாசலில் நின்று ஒருவர் வாசிப்பார். கிறிஸ்துமஸ் நாடகத்தில் தாடி ஒட்டிய பையன் ஏசாயாவாக வந்து சொல்லிவிட்டுப் போவான். வாட்ஸ்அப்பில் ‘இயேசு நிறைவேற்றிய 300 தீர்க்கதரிசனங்கள்’ என்று ஒரு பட்டியல் வரும். அதை அனுப்புகிறவர்களில் எத்தனை பேர் அந்த 300 இடங்களையும் வேதத்தில் திறந்து பார்த்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், வாலிபர் கூட்டம் நடத்துகிறவர்கள், வீட்டில் பத்துப் பேரைக் கூட்டி வேதபாடம் எடுக்கிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இதற்கு எபிரெயு மொழி தெரிய வேண்டியதில்லை, இறையியல் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் ஒரு ஒழுங்கு வேண்டும். தீர்க்கதரிசி முதலில் தன் எதிரே நின்ற மக்களிடம் பேசினார். அவர்களுக்கு அது என்ன சொன்னது என்று முதலில் கேளுங்கள். நற்செய்தியாளர் அதை எப்படி எடுத்தாண்டார் என்பது அதற்கு அடுத்த கேள்வி. இந்த வரிசை மாறினால் பழைய ஏற்பாடு வெறும் துப்புச் சீட்டுகளின் கட்டாகிவிடும்.

முதல் படி: மேசைமேல் என்ன வேண்டும்

இரண்டு மொழிபெயர்ப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஐ. வீடுகளில் இருக்கும் பழைய திருப்புதல் ஒன்று, கத்தோலிக்க வீடுகளில் இருக்கும் திருவிவிலியம் இன்னொன்று. பக்கத்து வீட்டில் இரவல் கேட்டாலே கிடைத்துவிடும். ஒரே பகுதியை இரண்டிலும் வாசித்தால், எங்கே வேறுபடுகிறதோ அங்கே ஏதோ விஷயம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு பெரிய தாளில் சில ஆண்டுகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தாவீது ஆண்டது ஏறக்குறைய கி.மு. 1000. ஆகாஸ் ராஜாவிடம் ஏசாயா பேசியது சுமார் 735. வடக்கே சமாரியா அசீரியரிடம் விழுந்தது 722. எருசலேமும் தேவாலயமும் பாபிலோனியரால் அழிந்தது 586. பெர்சிய ராஜா கோரேசு பாபிலோனைப் பிடித்தது 539. கிரேக்க ராஜா அந்தியோகு எபிபானெஸ் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியது 167. ரோமர்கள் இரண்டாம் ஆலயத்தை இடித்தது கி.பி. 70. இவ்வளவு போதும். எந்த வசனத்தை எடுத்தாலும் ‘இது இந்தத் தாளில் எங்கே நிற்கிறது?’ என்று யாராவது ஒருவர் எழுந்து விரல் வைக்க வேண்டும். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

பாடம் எடுக்கும்போது ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து மூன்று பத்தியாக மடிக்கச் சொல்லுங்கள். முதல் பத்திக்கு ‘அன்று’, இரண்டாவதற்கு ‘நற்செய்தியில்’, மூன்றாவதற்கு ‘இன்னும்’ என்று தலைப்பு. மூன்றாவது எதற்கு என்பது எட்டாம் படியில் தெரியும்.

இரண்டாம் படி: வேரிலிருந்து தொடங்குங்கள்

ஏசாயாவில் தொடங்காதீர்கள். 2 சாமுவேல் 7-ல் தொடங்குங்கள். தாவீது கர்த்தருக்கு ஒரு வீடு கட்ட ஆசைப்படுகிறான். ‘நீ எனக்கு வீடு கட்ட வேண்டாம், நான் உனக்கு வீட்டை உண்டுபண்ணுவேன்’ என்று தீர்க்கதரிசி நாத்தான் வழியாகப் பதில் வருகிறது. தாவீதின் சந்ததியும் சிங்காசனமும் என்றென்றைக்கும் நிலைத்திருக்கும் என்பது அந்த வாக்கு. மேசியா நம்பிக்கை முழுவதற்கும் ஆணிவேர் இதுதான்.

இதை வாசித்த கையோடு சங்கீதம் 89-க்குப் போங்கள். முதல் 37 வசனங்கள் அந்த வாக்குத்தத்தத்தையே பாட்டாகப் பாடுகின்றன. 38-ம் வசனத்தில் பாட்டு அப்படியே உடைகிறது: “ஆனாலும் நீர் எங்களை வெறுத்துத் தள்ளிவிட்டீர்.” உடன்படிக்கை ஒழிந்தது, கிரீடம் தரையில் கிடக்கிறது, மதில்கள் இடிந்தன என்று கடவுளிடமே முறையிடுகிறார்கள். என்றென்றைக்கும் என்று சொன்னீரே, சிங்காசனம் எங்கே? இந்தச் சங்கீதத்தைக் குழுவில் சத்தமாக, இடையில் நிறுத்தாமல் வாசியுங்கள். மேசியாவுக்காகக் காத்திருந்த மனநிலை எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. வாக்கும் உண்மை, வீழ்ச்சியும் உண்மை என்ற இடுக்கில் அகப்பட்டவர்கள்தான் ‘வருகிறவர்’ ஒருவரை எதிர்பார்க்கத் தொடங்கினார்கள்.

‘மேசியா’ என்றால் ‘அபிஷேகம் பண்ணப்பட்டவர்’ என்று பொருள். அந்தப் பட்டம் பழைய ஏற்பாட்டில் பெரும்பாலும் உயிரோடு ஆண்டுகொண்டிருந்த ராஜாவுக்கும், சில இடங்களில் ஆசாரியனுக்கும் உரியது. ஏசாயா 45:1 அதைப் பெர்சிய ராஜா கோரேசுக்கே கொடுக்கிறது. யூதரல்லாத ஒரு ராஜாவை ஏன் அப்படிச் சொன்னார்கள்? சிறைப்பட்டுப் போனவர்களை ஊர் திரும்ப விட்டவன் அவன். வாலிபர் கூட்டத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள், தூங்குகிறவன்கூட நிமிர்ந்து உட்காருவான்.

இயேசுவின் காலத்துக்கு வருவதற்குள் எதிர்பார்ப்பு ஒன்றாக இல்லை, பலவாகக் கிளைத்திருந்தது. யோவான் 1:19-25-ல் ஸ்நானகனிடம் வந்தவர்கள் மூன்று பெயர்களைச் சொல்லிக் கேட்கிறார்கள்: கிறிஸ்துவா, எலியாவா, அந்தத் தீர்க்கதரிசியா? எலியா மல்கியா 4:5-லிருந்து வந்தவர். ‘தீர்க்கதரிசி’ உபாகமம் 18:15-லிருந்து வந்தவர். சவக்கடல் ஓரம் கும்ரானில் வாழ்ந்த குழுவினர் இரண்டு மேசியாக்களை எதிர்பார்த்தார்கள், ஒருவர் ஆரோன் வழியில், இன்னொருவர் இஸ்ரவேல் வழியில். ஆகவே, முதல் நூற்றாண்டில் எல்லா யூதர்களின் கையிலும் ஒரே பட்டியல் இருந்தது, இயேசு வந்து அதில் வரிசையாக டிக் போட்டார் என்று கற்பனை செய்யாதீர்கள். அப்படி ஒரு பட்டியல் இருக்கவே இல்லை.

மூன்றாம் படி: வசனம் பிறந்த இடத்துக்குப் போங்கள்

ஏசாயா 7-ஐ எடுத்துக்கொள்வோம். 14-ம் வசனத்தை மட்டும் வாசிக்கிற பழக்கத்தை இந்த ஒரு டிசம்பராவது விட்டுவிட்டு, முதல் வசனத்திலிருந்து 17 வரை வாசியுங்கள்.

யூதாவில் ஆகாஸ் ராஜா. வடக்கே சீரியாவின் ரேத்சீனும் இஸ்ரவேலின் பெக்காவும் சேர்ந்து எருசலேம்மேல் படையெடுத்து வருகிறார்கள். ஜனங்களின் இருதயம் காற்றில் அசையும் காட்டு மரங்களைப்போல் அசைந்தது என்கிறது வேதம். ஏசாயா ராஜாவைச் சந்திக்கும் இடம் அரண்மனை அல்ல. மேற்குளத்து மதகு, வண்ணார்துறைக்குப் போகும் வழி. ராஜாவுக்கு அங்கே என்ன வேலை?

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் ஆலயத்துக்கு ஆராதனைக்குப் போகிறவர்கள் அகழியைத் தாண்டித்தான் போகிறார்கள். முற்றுகை என்று வந்தால் கோட்டைக்காரனுக்கு மதிலைப் போலவே தண்ணீரும் உயிர் என்பதை அந்த அகழிக்கரையில் நின்றால் தனியாக விளக்க வேண்டாம். ஆகாஸும் ஊருக்குத் தண்ணீர் வரும் வழியைப் பார்க்கத்தான் போயிருப்பான். முடிந்தால் குழுவை ஒரு சாயங்காலம் அங்கே கூட்டிப்போய் இந்த அதிகாரத்தை வாசியுங்கள்.

பயந்து நிற்கும் அந்த ராஜாவிடம் ‘அமரிக்கையாயிரு, பயப்படாதே’ என்கிறார் ஏசாயா. ஓர் அடையாளம் கேட்டுக்கொள் என்கிறார். ஆகாஸ் பக்திமான் மாதிரி ‘நான் கர்த்தரைப் பரீட்சை செய்யமாட்டேன்’ என்கிறான். உள்ளுக்குள் அவன் கணக்கு வேறு. 2 இராஜாக்கள் 16-ஐப் பாருங்கள்: ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரிய ராஜாவுக்கு அனுப்பி உதவி கேட்டவன் அவன். அந்தச் சூழலில்தான் ஒரு பிள்ளை பிறக்கும், அதற்கு இம்மானுவேல் என்று பெயர் என்ற அடையாளம் வருகிறது. 16-ம் வசனம் காலத்தையும் சொல்லிவிடுகிறது: அந்தப் பிள்ளைக்கு நன்மை தீமை தெரியும் முன்னே, நீ பயப்படுகிற அந்த இரண்டு ராஜாக்களின் தேசம் பாழாகும். அப்படியே ஆயிற்று. சீரியாவின் தமஸ்கு 732-ல் விழுந்தது, இஸ்ரவேலின் சமாரியா 722-ல்.

ஆகவே ‘அன்று’ என்ற பத்தியில் என்ன எழுத வேண்டும்? ஆகாஸின் நாட்களிலேயே அர்த்தம் உள்ள ஓர் அடையாளம். 700 வருஷம் கழித்துப் பிறக்கப்போகும் குழந்தையைக் காட்டி ‘இந்தப் படையெடுப்புக்குப் பயப்படாதே’ என்று சொன்னால் ஆகாஸுக்கு அதனால் என்ன பயன்? அன்றைய பிள்ளை யார் என்பதில் வேத அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆகாஸின் மகன் எசேக்கியா என்பார் சிலர், ஏசாயாவின் மகன் என்பார் சிலர். இந்த வசனம் நேரடியாக இயேசுவை மட்டுமே குறிக்கிறது என்று உறுதியாக நிற்கும் கிறிஸ்தவர்களும் உண்டு. குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் அவரை மட்டம் தட்டாதீர்கள். 16-ம் வசனத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று மட்டும் கேளுங்கள்.

இங்கே இரண்டு மொழிபெயர்ப்புகளும் பிரியும். பழைய திருப்புதலில் ‘கன்னிகை’, திருவிவிலியத்தில் ‘இளம்பெண்’. எபிரெயு மூலத்தில் இருப்பது இளம்பெண் என்று பொருள்படும் சொல். கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பில் கன்னி என்று பொருள்படும் சொல் இருக்கிறது, மத்தேயு அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார். இதைக் கேட்டுச் சிலர் கலங்கிப்போவார்கள். அவர்களுக்கு லூக்கா முதல் அதிகாரத்தைக் காட்டுங்கள். மரியாள் கன்னியாக இருந்து கருத்தரித்ததை லூக்கா ஏசாயா 7:14-ஐ மேற்கோள் காட்டாமலேயே சொல்கிறார். அந்த விசுவாசம் இந்த ஒரு சொல்லில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

மத்தேயுவின் கண் இம்மானுவேல் என்ற பெயர்மேல் இருக்கிறது. ‘தேவன் நம்மோடிருக்கிறார்’ என்று முதல் அதிகாரத்தில் சொல்லித் தொடங்குகிறவர், கடைசி அதிகாரத்தின் கடைசி வசனத்தில் உயிர்த்த இயேசுவின் வாயில் “சகல நாட்களிலும் நான் உங்களுடனேகூட இருக்கிறேன்” என்று வைத்து முடிக்கிறார். ஆகாஸுக்குக் கொடுக்கப்பட்ட அடையாளம் இப்போது ஆளாகவே வந்துவிட்டது என்பது அவர் வாதம். இதை இரண்டாவது பத்தியில் எழுதுங்கள்.

நான்காம் படி: ‘நிறைவேறியது’ எத்தனை விதம் என்று பாருங்கள்

மத்தேயுவின் இரண்டாம் அதிகாரம் ஒன்றிலேயே நான்கு மேற்கோள்கள் இருக்கின்றன. நான்கும் நான்கு விதம். ஒரு கூட்டம் முழுவதையும் இதற்கே கொடுக்கலாம்.

மீகா 5:2 நேரடியான வகை. ஏசாயாவின் காலத்தவர் மீகா. தாவீதின் சிறிய ஊரான பெத்லெகேமிலிருந்து மறுபடியும் ஓர் ஆளுகிறவர் வருவார் என்கிறார். யூதர்களே இதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு யோவான் 7:42 சாட்சி. மேசியா எங்கே பிறப்பார் என்று கேட்ட ஏரோது ராஜாவுக்கு இந்த வசனத்தை எடுத்துக் கொடுத்தவர்கள் பிரதான ஆசாரியரும் வேதபாரகரும். வசனம் தெரிந்த அவர்கள் எருசலேமிலிருந்து ஒன்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் பெத்லெகேமுக்குப் போனதாக மத்தேயு சொல்லவில்லை, வசனம் தெரியாத அந்நிய சாஸ்திரிகள் போனார்கள். பிரசங்கத்துக்கு இது ஒன்றே போதும்.

ஓசியா 11:1 முற்றிலும் வேறு வகை. “எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்” என்பது வருங்காலத்தைப் பற்றிய பேச்சே அல்ல. மோசே காலத்தில் இஸ்ரவேல் வெளியே வந்ததை நினைத்துப் பார்க்கும் வசனம். அடுத்த வசனத்திலேயே அந்தக் குமாரன் பாகால்களுக்குப் பலியிடப் போய்விடுகிறான். அப்படியிருக்க மத்தேயு எப்படி ‘நிறைவேறியது’ என்கிறார்? இஸ்ரவேலின் வரலாற்றை இயேசு மறுபடி நடந்து காட்டுகிறார் என்பது அவர் பார்வை. இஸ்ரவேல் எகிப்திலிருந்து வந்தது, தண்ணீரைக் கடந்தது, 40 வருஷம் வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டுத் தவறியது. இயேசுவும் எகிப்திலிருந்து வருகிறார், யோர்தானில் இறங்குகிறார், 40 நாள் வனாந்தரத்தில் சோதிக்கப்படுகிறார், தவறவில்லை. சோதனைக்காரனுக்கு அவர் சொல்லும் மூன்று பதில்களும் அந்த வனாந்தரப் பயணத்தைப் பேசும் உபாகமத்திலிருந்து வருகின்றன. இதை ‘முன்னறிவிப்பு’ என்று சொல்வதைவிட ‘மாதிரி’ என்று சொல்வது பொருந்தும். சபைப் பிதாக்கள் காலத்திலிருந்தே இப்படி வாசிக்கும் வழக்கம் உண்டு.

எரேமியா 31:15, ராகேலின் அழுகை. ராமாவில் கைதிகளைச் சங்கிலியில் கட்டிப் பாபிலோனுக்குக் கொண்டுபோன துயரம் அது. எரேமியா 40:1-ல் எரேமியாவே அந்தக் கூட்டத்தில் நிற்கிறார். பெத்லெகேம் குழந்தைகளை ஏரோது கொன்றபோது மத்தேயுவின் காதில் அந்தப் பழைய அழுகை கேட்கிறது. எரேமியா 31-ல் அடுத்த இரண்டு வசனங்களையும் வாசிக்கத் தவறாதீர்கள். ‘உன் பிள்ளைகள் திரும்பி வருவார்கள்’ என்று இருக்கும். புதிய உடன்படிக்கை பற்றிய வாக்கும் இதே அதிகாரத்தில்தான், 31-ம் வசனத்தில் இருக்கிறது.

நான்காவது, ‘நசரேயன் என்னப்படுவார்’ என்பது. இந்த வாக்கியம் பழைய ஏற்பாட்டில் எங்கேயும் இல்லை, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ‘தீர்க்கதரிசிகளால்’ என்று மத்தேயு பன்மையில் சொல்கிறார். ஏசாயா 11:1-ல் ஈசாயின் வேரிலிருந்து எழும்பும் ‘கிளை’யை நினைத்து எழுதியிருக்கலாம், கிளைக்கான எபிரெயுச் சொல் (நேட்சர்) ‘நசரேயன்’ என்பதைப்போல ஒலிக்கிறது என்பது பரவலான விளக்கம்.

இந்த நான்கையும் பார்த்த பிறகு 300 என்ற எண்ணுக்கு மதிப்பு குறைந்துவிடும். எதை எந்த வகையில் எண்ணுவது?

ஐந்தாம் படி: சீஷர்கள் பின்னோக்கி வாசித்தார்கள்

சகரியா 9:9-ஐயும் யோவான் 12:12-16-ஐயும் சேர்த்து வாசியுங்கள். தாழ்மையுள்ள ராஜா கழுதைக்குட்டியின்மேல் வருகிறார். அடுத்த வசனத்தில் இரதங்களும் யுத்த வில்லும் இல்லாமற்போகும் என்று இருக்கிறது. குதிரைமேல் வரும் ராஜாக்களுக்கு நேர் எதிர். குருத்தோலை ஞாயிறன்று நடந்தது இதுதான் என்று சீஷர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருந்ததா? “துவக்கத்திலே அறியவில்லை” என்று யோவான் வெளிப்படையாகவே எழுதிவிட்டார். இயேசு மகிமையடைந்த பின்புதான் அவர்களுக்கு நினைவு வந்தது.

எம்மாவு சாலையிலும் (லூக்கா 24) அதே கதை. வேதம் தெரிந்த இருவர் துக்கமுகமாய் நடந்து போகிறார்கள். உயிர்த்தவர் கூட நடந்து மோசே தொடங்கி விளக்கிய பிறகுதான் நெஞ்சு கொழுந்துவிட்டு எரிந்தது. அப்போஸ்தலர்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. ஆளைச் சந்தித்தார்கள், சிலுவையும் உயிர்ப்பும் அவர்களைப் புரட்டிப் போட்டன, அப்புறம் பழைய சுருள்களைத் திறந்தபோது எல்லாப் பக்கத்திலும் அவர் தெரிந்தார். தீர்க்கதரிசனத்தைப் பற்றிய கிறிஸ்தவப் புரிதலின் மையம் இது என்று நான் நினைக்கிறேன். அதனாலேயே, விசுவாசம் இல்லாத ஒருவரைக் கணக்குப் போட்டு மடக்கும் கருவியாக இந்த வசனங்களைப் பயன்படுத்தினால் அவை சரியாக வேலை செய்வதில்லை.

ஆறாம் படி: ஏசாயா 53-க்கு அவசரப்படாதீர்கள்

இதற்குத் தனியாக ஒரு கூட்டம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அப்போஸ்தலர் 8. காசாவுக்குப் போகும் பாதையில் ரதத்தில் உட்கார்ந்து எத்தியோப்பிய மந்திரி இந்தப் பகுதியை வாசிக்கிறார். பிலிப்புவிடம் அவர் கேட்ட கேள்வியையே குழுவிடம் கேளுங்கள்: தீர்க்கதரிசி யாரைக் குறித்து இதைச் சொல்கிறார், தம்மைக் குறித்தோ, வேறொருவரைக் குறித்தோ?

பதில் சொல்வதற்கு முன் ‘தாசன்’ பாடல்கள் நான்கையும் வரிசையாக வாசிக்க வேண்டும்: 42, 49, 50 ஆகிய அதிகாரங்களில் ஒவ்வொன்று, பிறகு 52:13 முதல் 53:12 வரை. இடையில் 41:8, 44:1 இரண்டிலும் ‘என் தாசனாகிய’ என்று அழைக்கப்படுவது இஸ்ரவேல், யாக்கோபு. 49:3-லும் ‘இஸ்ரவேலே’ என்றுதான் இருக்கிறது. ஆனால் மூன்று வசனம் தள்ளி, அதே தாசனுக்கு இஸ்ரவேலைத் திரும்பக் கொண்டுவரும் வேலையும் ஜாதிகளுக்கு ஒளியாக இருக்கும் வேலையும் கொடுக்கப்படுகிறது. தாசன் இஸ்ரவேலா, இஸ்ரவேலுக்காக வரும் ஒருவரா? ஏசாயாவின் எழுத்திலேயே இரண்டும் பின்னிக் கிடக்கிறது.

‘யூதர்கள் மறைத்துவைத்த அதிகாரம்’ என்று ஒரு வீடியோ அடிக்கடி வரும். நம்பாதீர்கள். ஏசாயா 53 யூதர்களின் ஒவ்வொரு வேதப் பிரதியிலும் இருக்கிறது. ஜெப ஆலயத்தில் வாராவாரம் வாசிக்கும் தீர்க்கதரிசிப் பகுதிகளில் அது இல்லை என்பது உண்மை, ஆனால் அந்த வரிசையில் இல்லாத அதிகாரங்கள் எத்தனையோ. 11-ம் நூற்றாண்டு யூத அறிஞர் ராஷி, பாடுபடும் தாசன் இஸ்ரவேல் ஜனமே என்று விளக்கினார். அவர்தான் இதைப் புதிதாகக் கண்டுபிடித்தார் என்று சொல்வதும் தவறு. 3-ம் நூற்றாண்டிலேயே யூதர்கள் தன்னிடம் இந்த விளக்கத்தைச் சொன்னதாகக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் எழுதியிருக்கிறார். மறுபக்கம், யூதர்களின் அரமேய வேத மொழிபெயர்ப்பான தர்கூம் இந்தத் தாசனை மேசியா என்றே அழைக்கிறது, ஆனால் பாடுகளை அவர்மேல் வைக்காமல் மற்றவர்கள்மேல் திருப்பிவிடுகிறது. யூத மரபுக்குள்ளேயே பல குரல்கள் இருந்திருக்கின்றன.

இந்த வசனங்கள் கிறிஸ்தவர்கள் பிற்பாடு எழுதிச் சேர்த்தவை அல்ல என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். 1947-ல் கும்ரான் குகையில் கிடைத்த பெரிய ஏசாயாச் சுருளில் 53-ம் அதிகாரம் இருக்கிறது. அந்தச் சுருள் இயேசு பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கும் முந்தையது.

கிறிஸ்தவ வாசிப்பு என்ன சொல்கிறது? இஸ்ரவேல் செய்ய வேண்டியிருந்த ஊழியத்தை இஸ்ரவேலின் சார்பில் ஒருவர் செய்து முடித்தார், அடிக்கப்பட்டார், அநேகருடைய பாவத்தைச் சுமந்தார். மாற்கு 10:45-ஐ எடுங்கள்: “ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும், அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்கவும்”. ஏசாயா 53-ன் சாயல் இதில் இருக்கிறது என்று பலரும் பார்க்கிறார்கள். வேலூர்க்காரர்களுக்கு இந்த வசனத்தின் முதல் பாதி பழக்கமானது, சி.எம்.சி. மருத்துவமனையின் குறிக்கோள் வாசகமே அதுதான். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரு படுக்கையோடு ஆரம்பித்த இடம் அது. மத்தேயு 8:17-ஐயும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். “நம்முடைய நோய்களைச் சுமந்தார்” என்ற ஏசாயா வரியை மத்தேயு சிலுவைக்கு அல்ல, இயேசு பேதுருவின் வீட்டில் நோயாளிகளைக் குணமாக்கிய சாயங்காலத்துக்குப் பொருத்துகிறார். குழுவில் நர்ஸ் வேலை பார்க்கிறவர் யாராவது இருந்தால் இங்கே அவரைப் பேச விடுங்கள்.

ஏழாம் படி: சுருக்கமாகக் கடக்க வேண்டியவை

சங்கீதம் 22-ஐ முழுவதும் வாசியுங்கள், “என் தேவனே” என்ற கதறலில் தொடங்கித் துதியில் முடிகிறது. ‘கைகளையும் கால்களையும் உருவக் குத்தினார்கள்’ என்ற 16-ம் வசனத்தில் எபிரெயுப் பிரதிகள் வேறுபடுகின்றன. அந்த ஒரு வரியை வைத்துச் சண்டை போட வேண்டியதில்லை. புதிய ஏற்பாடு இந்தச் சங்கீதத்தைப் பலமுறை எடுத்தாண்டாலும் அந்த வரியை மேற்கோள் காட்டவே இல்லை.

முப்பது வெள்ளிக்காசை மத்தேயு 27:9 எரேமியாவின் பெயரில் சொல்கிறது, வசனமோ பெரும்பாலும் சகரியா 11-ல் இருக்கிறது. குயவன், நிலம் ஆகியவற்றைப் பேசும் எரேமியாப் பகுதிகளைச் சேர்த்துக் கோத்துவிட்டு, பெரிய தீர்க்கதரிசியின் பெயரைப் போட்டிருக்கிறார் என்பது வழக்கமான விளக்கம்.

தானியேல் 9-ன் எழுபது வாரங்களுக்குக் கன்வென்ஷன் பந்தல்களில் பெரிய சார்ட் போட்டுக் கணக்குச் சொல்வார்கள். ஒருவர் தொடங்கும் வருஷத்தில் இன்னொருவர் தொடங்கமாட்டார். புதிதாகப் படிக்கும் குழுவுக்கு இது வேண்டாம். தானியேல் 7:13 போதும், மேகங்களோடு வரும் மனுஷகுமாரன். பிரதான ஆசாரியன் முன்னால் இயேசு தம்மைப் பற்றிச் சொன்ன பதிலில் (மாற்கு 14:62) அந்த வசனமும், புதிய ஏற்பாடு வேறு எதையும்விட அதிகமாக எடுத்தாளும் சங்கீதம் 110:1-ம் சேர்ந்து வருகின்றன.

எட்டாம் படி: ‘இன்னும்’ என்ற பத்தி

யூதர்கள் இயேசுவை மேசியா என்று ஏற்காததற்குச் சொல்லும் முக்கியமான காரணம் எளிமையானது. ஏசாயா 11-ல் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாகத் தங்குகின்றன. ஏசாயா 2-ல் பட்டயங்கள் மண்வெட்டிகளாகின்றன. செய்தித்தாளைத் திறந்தால் அப்படியா இருக்கிறது? இதை அலட்சியமாகத் தள்ளிவிடாதீர்கள், நியாயமான கேள்வி.

லூக்கா 4-ல் நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு ஏசாயா 61-ஐ வாசிக்கிறார். ‘கர்த்தருடைய அநுக்கிரக வருஷம்’ என்ற இடத்தில் புத்தகத்தைச் சுருட்டிவிடுகிறார். ஏசாயாவில் அதே வாக்கியம் தொடர்ந்து ‘நீதியைச் சரிக்கட்டும் நாள்’ என்று போகிறது. சபை இதை இரண்டு வருகைகள் என்று புரிந்துகொண்டது. ராஜ்யம் வந்துவிட்டது, முழுமை இன்னும் வரவில்லை. அட்வெந்து நான்கு வாரமும் பிறந்த பாலகனை மட்டும் நினைக்கும் காலம் அல்ல, மறுபடி வருகிறவருக்கும் சேர்த்துக் காத்திருக்கும் காலம் என்பது இதனால்தான். மூன்றாவது பத்தியில் ஒவ்வொரு வசனத்திலும் இன்னும் நிறைவேறாமல் இருப்பதை எழுதுங்கள். எந்தப் பத்தியும் காலியாக இருக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: பக்கத்து வீட்டாரோடு

நம் பக்கத்தில் யூதச் சமூகம் என்று ஒன்று இல்லை. எதிர்க்கேள்வி கேட்க ஆள் இல்லாததால் ‘யூதர்கள் குருடர்கள்’ என்று மேடையில் பேசிவிடுவது சுலபமாகிவிட்டது. ஐரோப்பாவில் அப்படிப்பட்ட பிரசங்கங்கள் பல நூற்றாண்டுகள் சேர்ந்து யூதப் படுகொலைவரை கொண்டுபோய் விட்டன என்பது தெரிந்த வரலாறு. ரோமர் 11-ல் பவுல், ஒட்டவைக்கப்பட்ட காட்டுக் கிளைகள், அதாவது யூதரல்லாத விசுவாசிகள், பெருமைபாராட்டக் கூடாது என்கிறார். கி.பி. 132-ல் ரோமருக்கு எதிராக எழும்பிய பர் கோக்பாவை மேசியா என்று ரபி அகிபா ஏற்றார், ‘யாக்கோபிலிருந்து ஒரு நட்சத்திரம்’ என்ற எண்ணாகமம் 24:17-ஐ அவருக்குப் பொருத்தினார். அந்தப் போராட்டம் மூன்று வருஷத்தில் இரத்தத்தில் முடிந்தது. மேசியா என்று யாரையும் சட்டென்று ஏற்க யூதர்கள் தயங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் இருப்பவர்களுக்கு நேரில் வரும் பேச்சு வேறு. முஸ்லிம் நண்பர்கள் ஈசா நபியை ‘மஸீஹ்’ என்றே அழைக்கிறார்கள், குர்ஆன் அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுக்கிறது, மர்யம் கன்னியாக அவரைப் பெற்றதையும் சொல்கிறது. சிலுவை மரணத்தை அது ஏற்பதில்லை. ஆகவே ‘இயேசு மேசியா’ என்று அவர்களிடம் நிரூபிக்கப் புறப்படுவது தேவையில்லாத வேலை. மேசியா என்றால் நீங்கள் என்ன புரிந்துகொள்கிறீர்கள் என்று கேட்டால் பேச்சு நன்றாகப் போகும்.

நடைமுறைக்குச் சில வார்த்தைகள்

நான்கு கூட்டம் போதும். முதல் வாரம் 2 சாமுவேல் 7, சங்கீதம் 89. இரண்டாவது ஏசாயா 7, 9. மூன்றாவது ஏசாயா 53. நான்காவது ஏசாயா 61, லூக்கா 4. ஏசாயா 9-ஐ எடுக்கும்போது 6-ம் வசனத்துக்கு நேராகப் போகாமல் முதல் வசனத்திலிருக்கும் செபுலோன், நப்தலி நாடுகளைத் தாளில் குறியுங்கள். அசீரியர் முதலில் பிடித்துக்கொண்ட கலிலேயா அது. இயேசு அங்கே போய்க் குடியிருந்ததை மத்தேயு 4 ஏன் அவ்வளவு பெரிதாகச் சொல்கிறது என்று அப்போது புரியும்.

கேரல் ரவுண்ட்ஸுக்கு வாசிக்கிறவரிடம் ஒரு வசனத்துக்குப் பதில் ஏழு வசனம் கொடுங்கள். ஏசாயா 9:1-7-ஐ நிதானமாக வாசித்தாலும் இரண்டு நிமிஷம்கூட ஆகாது. சத்துவாச்சாரியிலோ தோட்டப்பாளையத்திலோ கேக்கும் காபியும் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கும் வீட்டுக்காரர் அதற்குள் பொறுமை இழந்துவிடமாட்டார்.

மத்தேயு 2-ன் அந்த நான்கு மேற்கோள்களை டிசம்பர் 25-க்கு முன் திணிக்க வேண்டாம். பெத்லெகேம் குழந்தைகளைத் திருச்சபை நினைவுகூரும் நாள் டிசம்பர் 28. கூட்டம் குறைவாக இருக்கும், ஸ்டார் இன்னும் இறக்கப்பட்டிருக்காது. ஓசியா 11, எரேமியா 31 இரண்டையும் அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம்.